குருத்தோலை ஞாயிறு மாலை

(நமது மருத்துவமனை ஆதரவாளர்கள் கூடுகையில், ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அம்மையார் ஒருவர் ஆற்றிய உரை)



முப்பத்தாறு வருஷம் வார்டில் நின்ற கால்கள் இவை. மேடையில் நின்று பழக்கமில்லை. ஏதாவது ஒரு சாட்சி சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நம் ஆஸ்பத்திரியைப் பற்றி உங்களுக்கு மாதாமாதம் கடிதம் வருகிறது. ஆகவே நான் வெகுதூரத்தில், ஒரு பெரியவரிடம் கேட்டதைச் சொல்லுகிறேன்.

2015ஆம் வருஷம் என் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் வடக்கே எல்க்ஹார்ட், கோஷன் என்று அருகருகே இரண்டு ஊர்கள் உண்டு. மோட்டார் வண்டியில் இழுத்துச் செல்லும் வீடுகள் செய்யும் தொழிற்சாலைகள் அங்கே ஏராளம். மென்னோனைட் சபையார் நிறைந்த பகுதி. நம் தேசத்தில் தம்தரியில் மிஷன் ஆஸ்பத்திரி கட்டியவர்கள் அந்தச் சபையார்தான். நான் இந்திய நர்ஸ் என்று தெரிந்ததும், ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும் இடத்தில் பலர் வந்து தம்தரியைப் பற்றி விசாரித்தார்கள்.

ஆனால் அந்தக் குருத்தோலை ஞாயிறன்று ஒரு பெரியவர் மாத்திரம் கோவிலுக்குள் வரவில்லை. வாகனம் நிறுத்தும் இடத்தில் தம் காரில் உட்கார்ந்து மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருஷாவருஷம் அப்படித்தான் என்று மகன் சொன்னான்.

1965ஆம் வருஷம் ஏப்ரல் 11ஆம் தேதி குருத்தோலை ஞாயிறு. நீண்ட குளிர்காலத்துக்குப்பின் வெயில் வந்த நாள். ஜனங்கள் ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அன்று மத்தியானம் தொடங்கி நள்ளிரவுக்குள், ஆறு மாநிலங்களில் சுமார் ஐம்பது சுழல்காற்றுகள் இறங்கின. 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்தியானாவில் மாத்திரம் 137 பேர்.

நமக்குத் தெரிந்தது கடலிலிருந்து வரும் புயல். அது இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வரும். இது வேறு. மேகத்திலிருந்து தும்பிக்கைபோல இறங்கி, சில நிமிஷங்களில் ஒரு தெருவை வாரிக்கொண்டு போய்விடும். அடுத்த தெருவில் கொடியில் காயும் துணி அப்படியே இருக்கும். ஏன் இந்த வீடு, ஏன் அந்த வீடு இல்லை என்ற கேள்வி, பிழைத்தவர்களைக் கடைசிவரை விடுவதில்லை.

மாலை ஆறரை மணியளவில் மிட்வே என்ற இடத்தில், வண்டி வீடுகளில் ஜனங்கள் குடியிருந்த ஒரு குடியிருப்பின் மேல் காற்று விழுந்தது. பால் ஹஃப்மன் என்ற பத்திரிகைப் படக்காரர் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று அதைப் படம் எடுத்தார். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு கறுப்புத் தூண்கள்! உலகமெங்கும் அச்சான படம் அது.

நம்முடைய பெரியவருக்கு அப்போது பத்தொன்பது வயது. சில மைல் தள்ளி, டன்லப் என்ற சிற்றூரில் சன்னிசைட் குடியிருப்பில் தாயாரோடும் பன்னிரண்டு வயதுத் தம்பியோடும் இருந்தார். மிட்வே போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் டார்ச் விளக்கையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு உதவிக்கு ஓடினார். தம்பியும் வருகிறேன் என்று அழுதிருக்கிறான். நீ அம்மாவோடு இரு, அதுதான் பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டாவது காற்று வந்தது. மின்சாரமும் டெலிபோனும் அற்றுப்போயிருந்தபடியால் எச்சரிப்பு வீடுகளை எட்டவில்லை. இருட்டத் தொடங்கும் வேளை. சன்னிசைட் தரைமட்டமாயிற்று. முப்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். தாயார் காயங்களோடு பிழைத்தார். தம்பி பிழைக்கவில்லை.

இவர் அந்நேரம் மிட்வேயில், யாரோ ஒருவருடைய குழந்தையைத் தகரத்தின் அடியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை பிழைத்தது.

இதைத்தான் அவரால் ஐம்பது வருஷம் சொல்ல முடியவில்லை. மனைவியிடம்கூடத் தம்பி சுழல்காற்றில் இறந்தான் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தாயார் அவரை ஒருநாளும் குறை சொல்லவில்லையாம். குறை சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பது அவர் எண்ணம்.

அவருக்கு வருஷத்தில் இரண்டு துக்க நாட்கள் உண்டு. ஏப்ரல் 11 ஒன்று. குருத்தோலை ஞாயிறு மற்றொன்று. அது தேதி மாறி மாறி வரும். அந்த வருஷம் மார்ச் 29ஆம் தேதி வந்தது. பிள்ளைகள் ஓசன்னா பாடிக்கொண்டு ஓலை பிடித்து வரும்போது, பன்னிரண்டு வயதில் ஒரு பையனாவது அந்த வரிசையில் இருப்பான் அல்லவா?

காற்று அடித்த பிறகு நடந்த காரியங்களையும் சொல்லவேண்டும். மென்னோனைட் சபையாரின் பேரிடர்ச் சேவைக் குழுவினர் இடிபாடு அகற்ற வந்தார்கள். ஜனாதிபதி ஜான்சன் வந்து பார்த்தார். வானிலை இலாகா விசாரித்தபோது ஒரு சங்கடமான உண்மை வெளிப்பட்டது: முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் பலர் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கும் வரக்கூடும் என்பதற்கும் வந்துவிட்டது என்பதற்கும் வித்தியாசம் விளங்கவில்லை. அதன்பின்புதான் விழிப்பாயிருங்கள் என்று ஒரு சொல்லும், உடனே ஒளிந்துகொள்ளுங்கள் என்று ஒரு சொல்லுமாகப் பிரித்தார்கள். இன்றுவரை அங்கே அந்த இரண்டு சொற்கள்தான். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஃபுஜிட்டா விமானத்தில் பறந்து சேதங்களைப் படம் எடுத்து ஆராய்ந்தார். சுழல்காற்றின் வலிமையை அளக்க 1971இல் அளவுகோல் வகுத்தவர் அவர்தான். 1945இல் நாகசாகியில் அணுகுண்டு விழுந்த நிலத்தையும் ஆராய்ந்த ஜப்பானியர்.

இப்படிக் காற்றை அளக்க ஆள் இருந்தது. பத்தொன்பது வயதுப் பையனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஆள் இல்லை. நான் யாரையும் குற்றப்படுத்தவில்லை. இப்படிப்பட்ட மனக்காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் தனிப் பெயர் கொடுத்ததே 1980இல்தான். அதற்கு முன் அவருக்குக் கிடைத்த ஆலோசனை, வேலைக்குப் போ, எல்லாம் மறந்துபோகும் என்பதுதான்.

அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதே வார்த்தையை நானும் எத்தனையோ படுக்கையருகே சொல்லியிருக்கிறேன். தீக்காயத்தோடு வந்த பெண்ணிடம், குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம், அழாதீங்கம்மா, மறந்துடுங்க என்று சொல்லி, மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருக்கிறேன். நாற்பது நோயாளிகளுக்கு இரண்டு நர்சுகள் இருந்த காலம், அது வாஸ்தவம். ஆனாலும் அவர்கள் சொல்ல வாயெடுத்தபோது நான் கையமர்த்தினேன் என்பதும் வாஸ்தவம்.

அந்த ஏப்ரலில் ஐம்பது வருஷம் நிறைந்ததால் ஊரில் எல்லாரும் அந்த நாளைப் பற்றியே பேசினார்கள். ரயில் வருவதுபோல் சத்தம் கேட்டது என்றார் ஒருவர். காஸ் வாடையும் பெயர்ந்த மண்ணின் வாடையும் இன்னும் மூக்கில் இருக்கிறது என்றார் ஒரு அம்மாள். நம் பெரியவர் சபைக்கூடத்தின் பின்வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, சிஸ்டர், நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள் அல்லவா என்று கேட்டார். திரும்பிப் போகிறவளிடம் சொல்வது சுலபம் போலும்.

டன்லப்பில் அந்தச் சம்பவத்துக்காக ஒரு சிறிய நினைவுப் பூங்கா இருக்கிறது. அங்கே அழைத்துப்போய், பெஞ்சில் உட்கார்ந்துதான் இவ்வளவும் சொன்னார். நீ இரு, அதுதான் பத்திரம் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். ஆறுதல் வசனம் ஒன்று என் நாக்கு நுனிவரை வந்தது. தேவகிருபையால் அதை விழுங்கிக்கொண்டேன். வெகுநேரம் சும்மா இருந்தோம். பிறகு, மீதியை நாளைக்குக் கேட்கிறீர்களா என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மகன் என்னை அவர் வீட்டில் இறக்கிவிட்டான். அவர் மனைவியும் கூட உட்கார்ந்திருந்தார். மேசையில் ஆப்பிள் பணியாரம் வைத்திருந்தார்கள். பெரியவர் சாயங்காலம்வரை பேசினார். காற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தம்பி தூண்டில் போடுவது, தம்பி பள்ளிக்கூட பேண்டில் எக்காளம் ஊதக் கற்றுக்கொண்டு அண்டைவீட்டாரைத் தூங்கவிடாமல் செய்தது, தம்பி ஒரு நாயைக் கூட்டிவந்து மூன்று நாள் ஒளித்துவைத்தது, இவைகள்தான். அந்த நாயின் கதையை அவர் மனைவி அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டார்களாம். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அப்புறம் அந்த நாய் என்னாயிற்று என்று கேட்டார்கள்.