கியூபா நாட்டு முழவாசிரியர்கள்

மேற்கிந்தியத் தீவுகளுள் மிகப் பெரியது கியூபா. கரும்புக்கும் புகையிலைக்கும் பெயர்போன அந்நாட்டுக்கு மற்றுமொரு புகழ் உண்டு. இன்று உலகின் பல நாடுகளிலும் நடன மண்டபங்களில் ஒலிக்கும் கொங்கா, பொங்கோ, டிம்பாலே முதலிய தோற்கருவிகளின் வாசிப்பு முறை அங்கேதான் உருப்பெற்றது. அக்கருவிகளையே பிழைப்பாகக் கொண்ட கலைஞர் பலர். அவர்களுட் சிலர் இரவில் மேடையில் வாசித்துப் பகலில் மாணாக்கருக்குக் கற்பித்து வந்தனர். அத்தகையோர் இல்லாதிருந்தால் அக்கலையின் கதி யாதாகியிருக்கும் என்பதை நேயர்கள் சிலரது வரலாற்றால் அறியலாம்.

கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்கள் தம்மோடு உடைமை எதனையும் எடுத்துவர இயலவில்லை. ஆயினும் இன்றைய நைஜீரியாப் பகுதியைச் சேர்ந்த யொரூபா மக்களும், கொங்கோ நாட்டவரும், பிறரும் தத்தம் தாளங்களை நினைவில் வைத்திருந்தனர். கிடைத்த மரத்தையும் தோலையுங் கொண்டு முழவுகளை மீண்டும் செய்தனர். 1886ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்த பின்னரும் அம்முழவொலி பலகாலம் இழிவாகவே கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவானா நகரத் திருவிழாவிலே முழவு கொட்டிச் செல்லும் ஊர்வலங்கள் தடைசெய்யப்பட்டன. 1937ஆம் ஆண்டிலேதான் அவை மீண்டும் வீதிக்கு வந்தன. முழவு கிடையாதவிடத்துத் துறைமுகத் தொழிலாளர் பொருள் வந்திறங்கிய மரப்பெட்டிகளைக் கவிழ்த்து, அவற்றின்மேல் தாளம் போட்டு, ரும்பா என்னும் ஆடலை வளர்த்தனர்.

இவ்விசைக்கு ஆதாரமாயுள்ளது கிளாவே எனப்படும் தாளக்கட்டு. கடின மரத்தாற் செய்த இரு குறுங்கழிகளை ஒன்றோடொன்று தட்டி அதனை ஒலிப்பர். தட்டுக்கள் ஐந்து, ஒரு பாதியில் மூன்று, மறுபாதியில் இரண்டு. பாடுவோரும் ஆடுவோரும் முழவு கொட்டுவோரும் இவ்வைந்துக்கும் இணங்கியே நடத்தல் வேண்டும். கைவேகம் எத்துணை இருப்பினும், கிளாவேக்கு மாறாக வாசிப்பவரை அங்குள்ளோர் வித்துவானாக மதியார்.

இக்கலையை அமெரிக்காவின் பெரிய அரங்குக்குக் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் சானோ போசோ. அவர் 1915இல் ஹவானாவிலே வறிய குடும்பத்திற் பிறந்தவர். 1947ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே, புகழ்பெற்ற ஜாஸ் எக்காள வித்துவான் டிசி கில்லெஸ்பியின் குழுவிற் சேர்ந்து, செப்டெம்பர் மாதத்தில் கார்னகி மண்டபத்தில் கொங்கா வாசித்தார். போசோ இசைக்குறி எழுதவோ படிக்கவோ அறியார். அவர் வாயாற் பாடிக் காட்டியவற்றைக் குழுவிலுள்ளோர் எழுதிக்கொண்டனர். "மன்தேக்கா" என்னும் பேர்பெற்ற உருப்படி அவ்வாறு உருவாகி, அவ்வாண்டின் இறுதியில் இசைத்தட்டாகப் பதிவாயிற்று. அதற்குப் பின் ஓராண்டு நிறையுமுன்னரே, 1948 டிசெம்பரில், ஹார்லெம் பகுதியில் அவர் சுடப்பட்டு இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்து மூன்று. மாணாக்கரைச் சேர்த்துப் பயிற்றுவதற்கு அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. சில இசைத்தட்டுக்களே அவர் கைத்திறனுக்குச் சான்றாய் எஞ்சின.

போசோவுக்கு வாய்க்காத நீண்ட ஆயுள் பிரான்சிஸ்கோ அகுவாபெல்லாவுக்கு வாய்த்தது. அவர் 1925இல், ஹவானாவுக்குக் கிழக்கேயுள்ள மத்தான்சாஸ் என்னுந் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தவர். நாட்டிய மேதை கதரின் டனம் அம்மையார் அவர் வாசிப்பைக் கண்டு வியந்து, "மாம்போ" என்னுந் திரைப்படத்தின் பொருட்டு 1953ஆம் ஆண்டளவில் இத்தாலிக்கு அழைத்தார். பின்னர் அகுவாபெல்லா 1957இல் அமெரிக்காவிற் குடியேறினார். அங்கே தித்தோ புவெந்தே, கில்லெஸ்பி முதலிய பெருங்கலைஞருடன் வாசித்தார். பிற்காலத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணாக்கருக்குக் கற்பித்தார். 1992இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது அவருக்குக் கிடைத்தது. 2010ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

அகுவாபெல்லா நடன மண்டபக் கருவிகளோடு பத்தா என்னும் சமய முழவையும் ஐயந்திரிபறக் கற்றவர். பத்தா முழவுகள் மூன்று. மத்தளம்போல் மடியிற் கிடத்தி இரு முகத்தையும் வாசிப்பர். ஒருமுகம் பெரிது, மறுமுகம் சிறிது. மூன்றினுள்ளும் பெரியதற்கு இயா என்று பெயர். தாய் என்பது பொருள். தாய் முழவு அழைக்க, ஏனைய இரண்டும் விடை கூறும். கற்போர் சிறிய முழவிலே தொடங்கி, நடுவானதைப் பழகி, பல்லாண்டு கழிந்த பின்னரே தாய் முழவைத் தொடுவர். அம்முழவுகள் முறைப்படி தெய்வீகமாக்கப்பட்டவையாயின், உறுதிமொழி பூண்ட ஆடவர் மாத்திரமே அவற்றைக் கொட்டலாம் என்பது வழக்கு.

ஆசிரியருக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. கூலி கொடுத்துக் கற்க வரும் அந்நியருக்கு, வழிபாட்டுக்குரிய தாளங்களைச் சொல்லிக் கொடுத்தல் தகுமா? சொல்லிக் கொடாவிடின், முதியோர் மறையும்போது அவையும் மறைந்து போகாவா? இதற்குப் பலர் கண்ட வழி, தெய்வீகமாக்கப்படாத முழவுகளிற் கற்பித்தலாகும். 1930களிலேயே பெர்னாந்தோ ஒர்த்திஸ் என்னும் கியூபா அறிஞர் அத்தகைய முழவுகளைப் பொது மேடையில் ஒலிக்கச் செய்தார். 1962இல் கியூபாவில் தேசிய நாட்டுப்புறக் கலைக்குழு அமைந்தபோது, அதுவரை வீட்டுச் சடங்குகளில் வாசித்தோர் சம்பளம் பெறுங் கலைஞராகவும் ஆசிரியராகவும் ஆயினர். 1990களில் பெண்கள் கூடி ஒபினி பத்தா என்னும் முழவுக் குழுவை ஹவானாவிலே தொடங்கினர். வழிபாட்டு முழவு வழிபாட்டிடத்திலேயே இருக்க, அதன் கல்வி மட்டும் வெளியே வந்தது. இந்த எல்லை சரியானதா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அடுத்த தலைமுறையில் சங்கித்தோ எனப் பெயர்பெற்ற ஹோசே லூயிஸ் கிந்தானா 1970இல் லொஸ் வான் வான் குழுவிற் சேர்ந்து, சொங்கோ என்னும் புதிய தாளநடையை உருவாக்கினார். அயல் தீவாகிய புவர்த்தோ ரிக்கோவைச் சேர்ந்த இளைஞர் ஜொவானி இதால்கோ, 1980களின் தொடக்கத்தில் கியூபா சென்று அவரைக் கண்டு, அவரிடம் கற்றார். இராணுவப் பேரிகைக்குரிய கோல் பயிற்சிகளை இதால்கோ வெறுங்கையால் கொங்காவில் வாசித்துக் காட்டியபோது கேட்டோர் திகைத்தனர். அவர் 1992 முதல் 1996 வரை பொஸ்தன் நகரத்துப் பேர்க்லி இசைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். பல நாட்டு மாணாக்கர் அவரிடம் பயின்று சென்றனர்.

மேடை வருமானம் நிலையற்றது. ஆண்டுக்கணக்காகத் தோலில் அடிபட்ட விரல்கள் முதுமையிற் சோர்ந்து விடும். அந்நிலையில் வகுப்பறை கலைஞருக்குச் சோறளிக்கிறது. ஆனால் அது கலைக்கு அளிப்பது அதனினும் பெரிது. 1988இல் கில்லெஸ்பி தம் முதுமையில் ஐக்கிய நாடுகள் இசைக்குழுவை அமைத்தபோது, அதிலே கொங்கா வாசித்தவர் இதால்கோ. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே கில்லெஸ்பியின் பக்கத்திலே சானோ போசோ அமர்ந்திருந்தார். போசோ இறந்தபின் பிறந்த ஒருவர் அவருடைய இடத்தில் அமர முடிந்தமைக்குக் காரணம், இடைப்பட்ட நாற்பது ஆண்டும் எங்கோ ஓர் ஆசிரியர், ஒரு மாணாக்கன் முன்னே அமர்ந்து, அந்த ஐந்து தட்டுக்களைத் தட்டிக் கொண்டிருந்தமையேயாகும்.