யார் கூற்று, யாருக்கு?



டொக்டரைக் கூப்பிட்டால் சலரோகமும் பிறஷரும்தான் கதைப்பார் என்று நினைத்திருப்பீர்கள். அதற்குக் கிளினிக்குக்கு வாருங்கள். இன்றைக்குக் காதல் கவிதை.

குறுந்தொகையை இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் முதலில் படித்தேன். 401 பாட்டு, பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடி. ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று குறிப்பு இருக்கும். சோதனைக்காக அதைப் பாடமாக்கினோம். பிரிவில் தலைவிக்கு வளை கழரும், பசலை படரும், நித்திரை வராது. பதினாறு வயதில் எங்களுக்கு அது பகிடி. பின்வாங்கில் இருந்து ஒருத்தியின் காப்பை மற்றவள் இழுத்துப் பார்ப்பாள்.

இப்போது அக்கராயனில் வேலை செய்கிறேன். 2008இல் ஊரோடு இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், முகாமில் இருந்து திரும்பிய சனம். “காப்பு கழண்டு விழுது டொக்டர்” என்று ஓர் அம்மா கையை நீட்டினார். நான் முதலில் எழுதியது இரத்தப் பரிசோதனை. தைரொயிட்டும் சீனியும் பார்க்காமல் கவிதை சொல்வது வைத்தியமல்ல. எல்லாம் சரியாக வந்தபின், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“அவருக்கு உறைப்பில்லாட்டிச் சோறு இறங்காது. அவருக்கெண்டு ஒரு பிடி கூடப் போட்டுத்தான் காய்ச்சுறனான். பிறகு எனக்குத் தின்ன மனம் வராது.”

அவர் 2009இல் காணாமற்போனவர். ‘இறங்காது’ என்கிறார்; இறந்தகாலம் அந்த வாயில் வரவேயில்லை. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனமைக்கென்றே ஒரு சான்றிதழைப் பெற 2016இல் சட்டம் வழிசெய்தது. அதையும் அவர் எடுக்கவில்லை. படிவத்தில் மணமானவர், விதவை என்று இரண்டு கட்டம். ‘மணமானவர்’ என்று எழுதினேன்.

காதல் என்ற சொல்லை அவர் ஒருதரமும் சொல்லவில்லை. எங்கள் அம்மாமார் மட்டும் சொன்னார்களா? “சாப்பிட்டனீங்களே?”, “கவனமாப் போட்டு வாங்கோ” என்பதுதான் அவர்களின் அகத்திணை. அளவெட்டி மஹாகவி (1927–1971) இந்தப் பேச்சோசையைத்தான் செய்யுளுக்குள் கொண்டுவந்தார். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட பெண் கவிஞர்களின் தொகுதிக்குப் பெயரே ‘சொல்லாத சேதிகள்’. நோயாளரின் கதை கேட்கப் பழகும் மருத்துவ மாணவர்களுக்கு அந்தத் தலைப்பொன்றே ஒரு பாடம் என்பேன்.

அந்த வயதில் குறுந்தொகையில் தலைவியைத்தான் தேடினேன். நாற்பது தாண்டியபின் தோழிதான் கண்ணில் படுகிறாள். அவள் பக்கத்தில் நிற்பதால்தான் தலைவி வாய் திறக்கிறாள். கேட்க ஆளில்லாதபோது தலைவன்கூடத் தன் நெஞ்சோடு பேசவேண்டியிருக்கிறது. கிளினிக் நாளில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதே பெரிய காரியம். தோழிக்கு அது காணாது.

அந்த அம்மாவைக் கடைசி இலக்கம் எடுத்து வரச்சொல்லியிருக்கிறேன், பின்னால் ஆட்கள் இல்லாதபடி. மாதத்துக்கொருக்கால் வருவார், இருந்து கதைப்பார். போனமுறை நிறை ஒரு கிலோ கூடியிருந்தது. காப்பு இன்னும் தளர்வுதான்.