சேர்த்தலும் சேர்தலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய விழாவில் முதியோர் இல்லம் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். தாம்பரத்தில் ஏறிச் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கும் நம் உறுப்பினர்கள், வழிநெடுக முதியோர் இல்லங்களின் பெயர்ப்பலகைகளைக் கண்டிருப்பார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் அறுபது அகவை கடந்தவர்கள். ஆகவே இக்கேள்வி நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது தாழ்ந்த குரலில் நாம் பேசிக்கொள்வதை இன்று மேடையில் பேச விரும்புகிறேன்.

நான் இலக்கணம் கற்பிப்பவள். ஆகவே ஒரு தொடரிலிருந்து தொடங்குகிறேன். ‘மகன் தாயை முதியோர் இல்லத்தில் சேர்த்தான்.’ ஒரு தொழில் நிகழ்வதற்குரிய எட்டுக் கூறுகளைத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தொகுத்துரைக்கிறார்: வினை, வினைமுதல், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு என்பது, பயன். இல்லம் தேடும்போது நாம் பெரிதும் ஆராய்வது நிலத்தையும் கருவியையுமே. அதாவது கட்டடத்தையும் பணத்தையும். வினைமுதல் யார் என்று கேட்பதில்லை. மேற்சொன்ன தொடரில் மகன் எழுவாய். தாய் இரண்டாம் வேற்றுமை ஏற்று நிற்கும் செயப்படுபொருள். ‘தாய் முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள்’ என்றால் அது தன்வினை. ‘சேர்ந்தாள்’ என்பதற்கும் ‘சேர்த்தாள்’ என்பதற்கும் ஒலியளவில் ஒரு மெல்லெழுத்தே வேறுபாடு. வாழ்வளவில் அவ்வேறுபாடு மிகப் பெரிது. இல்லத்தைத் தேர்ந்தெடுப்பதென்பது இப்பிறவினையைத் தன்வினையாக்கும் முயற்சியாக அமைய வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து.

அதற்கு ஓர் அளவுகோலைச் சங்க இலக்கியமே தருகிறது. ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் கூறிய விடை புறநானூற்றின் 191ஆம் பாட்டாக உள்ளது. அதில் மருந்தும் உணவும் இடம்பெறவில்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், எண்ணியதையே எண்ணும் ஏவலாளர், முறை தவறாத வேந்தன், ஊரில் வாழும் சான்றோர் ஆகியோரையே அவர் காரணமாகச் சுட்டுகிறார். இவ்வைந்தையும் வினாக்களாக்கி இல்லங்களை அணுகலாம்.

முதலாவது, துணை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடங்கள் மட்டுமே வைத்துள்ள இல்லங்கள் உண்டு. ஐம்பதாண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கு ஓர் அறை கிடைக்குமா? ஒருவர் படுக்கையில் விழுந்தால் மற்றவர் அருகில் இருக்க இயலுமா?

இரண்டாவது, மக்கள். முன்னறிவிப்பின்றி நாம் சென்று பார்க்கலாமா என்று கேளுங்கள். பார்வை நேரம் மிகக் குறுகியதாயின் காரணம் கேளுங்கள். அத்துடன் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: மாதம் எத்தனை முறை செல்வோம்? வசதி மிகுந்த தொலைவான இல்லத்தைவிட, மின்தொடர் வண்டியில் அரைமணி நேரத்தில் சென்றுவரக்கூடிய எளிய இல்லம் மேலானதாகலாம்.

மூன்றாவது, ஏவலாளர். வரவேற்பறையின் பளிங்குத் தரையைப் பார்ப்பதைவிட, இரவில் எத்தனை முதியவர்க்கு ஒரு பணியாளர் என்று கேட்பது பயன் தரும். குளியலறையில் கைப்பிடிக் கம்பி உள்ளதா, வழுக்காத தரையா, அழைப்புமணி அடித்தால் யார் வருவார், நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் எம்மருத்துவமனைக்கு எவ்வூர்தியில் கொண்டுசெல்வர் என்பன அடுத்த கேள்விகள். பணியாளர் அடிக்கடி மாறும் இல்லத்தில், முதியவரின் குறிப்பறியும் நிலைக்கு எவரும் வளர்வதில்லை.

நான்காவது, வேந்தன். இங்கே நிருவாகத்தையும் சட்டத்தையும் அச்சொல்லில் அடக்கிக்கொள்கிறேன். இல்லம் அரசிடம் பதிவு பெற்றதா, பதிவு நடப்பில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில், உத்திரமேரூரை அடுத்த பாலேசுவரத்தில் இயங்கிய கருணை இல்லம் ஒன்றில் உரிமம் பற்றியும் இறந்தோரின் உடல்கள் வைக்கப்பட்ட முறை பற்றியும் கேள்விகள் எழுந்தன. அரசு அலுவலர்கள் ஆய்வு செய்தனர். அங்கிருந்த முதியோர் பலர் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர். பதிவேடு என்பது வெறும் தாளன்று என்பதை நம் வட்டாரம் அப்போது உணர்ந்தது. ஒப்பந்தத்தில் வைப்புத்தொகை எந்நிலையில் திரும்பும், கட்டணம் எவ்வளவு உயரும், படுக்கையில் விழுந்தபின் வைத்திருப்பார்களா, வெளியேறச் சொல்வார்களா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திடுபவர் யார் என்பதையும் நோக்குக. முதியவரின் கையெழுத்துக்கு இடமே இல்லாத ஒப்பந்தங்களை நான் கண்டிருக்கிறேன்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் அறுபது அகவை நிறைந்தோர்க்கு உரிமை தருகிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு, மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத்தொகை பெற அதில் வழியுண்டு. பேணுவதாகக் கூறிச் சொத்தை எழுதி வாங்கியவர் பேணாவிட்டால், நிபந்தனையுடன் எழுதப்பட்ட அவ்வாவணத்தைச் செல்லாததாக்க 23ஆம் பிரிவு இடம் தருகிறது. முதியோரைக் கைவிடுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. 14567 என்னும் கட்டணமில்லா எண்ணில் முதியோர் உதவியும் வழிகாட்டலும் பெறலாம். இவ்வெண்ணை நம் பெற்றோரின் கையில் எழுதித் தருவோமா என்பதே நம் நேர்மைக்கு ஒரு சோதனை.

ஐந்தாவது, சான்றோர். பகல் முழுதும் அருகில் அமர்பவர் யார்? நாளிதழ் வருமா? பேச்சுத்துணை உண்டா? செவி மந்தமான புலவருக்குத் தொலைக்காட்சிக் கூடத்தால் பயனில்லை.

ஓரளவு என் அனுபவத்தையும் கூற வேண்டும். எழுபத்தெட்டு அகவையில் என் தாயார் தாமே இப்பேச்சை எடுத்தார். மூன்று இல்லங்களுக்கு உடன் சென்றேன். முதல் இரண்டு இடங்களிலும் பொறுப்பாளர்கள் என்னிடமே பேசினார்கள். “பாட்டிக்குச் சர்க்கரை உண்டா?” என்று, அருகில் அமர்ந்திருந்தவரைப் பற்றி என்னைக் கேட்டார்கள். மூன்றாம் இல்லத்தில் மேற்பார்வையாளர் நாற்காலியை அம்மாவின் எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அம்மா, காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?” என்றார். “நாலு மணி. எழுந்ததும் காப்பி.” “அடுப்படி அஞ்சரைக்குத்தான் திறப்போம். பிளாஸ்க்குல ராத்திரியே போட்டு வெச்சுடச் சொல்றேன், பரவாயில்லையா?” அம்மா சற்று யோசித்து, “ஒரு மாசம் இருந்து பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். பாடலாத்ரி நரசிம்மரை வலம்வர வேண்டுமானால் குன்றையே சுற்ற வேண்டும். அது இனி அவரால் ஆகாது. வெள்ளிக்கிழமை வாயில் வரையேனும் ஆட்டோவில் அழைத்துப் போக வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. ஒரு மாதம் கழித்து ஒப்பந்தத்தில் அவரே கையெழுத்திட்டார். என் தமையனார் இன்றுவரை இதனை ஏற்கவில்லை. ‘ஊர் என்ன சொல்லும்’ என்கிறார். வீட்டிலேயே பேணினால் புகழ் மகனுக்கும் உழைப்பு மருமகளுக்கும் சேர்கிறது என்பதை ஊர் சொல்வதில்லை.

எல்லார்க்கும் தேரும் வாய்ப்பு இல்லை என்பதையும் மறக்கலாகாது. ஓய்வூதியமும் சேமிப்பும் உள்ளோர்க்கே அது வாய்க்கிறது. 1978ஆம் ஆண்டு சாவித்திரி வைத்தி அவர்கள் சென்னையில் ‘விசிராந்தி’ இல்லத்தைத் தொடங்கியது ஆதரவற்ற மூதாட்டியர்க்காகவே. அதே ஆண்டில்தான் மருத்துவர் வ.செ. நடராசன் அவர்கள் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். முதுமையைத் தனியே கருதிப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி அரைநூற்றாண்டு கூட ஆகவில்லை.

நினைவு தடுமாறியவர்கள் எவ்வாறு தேர்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே, தெளிவுள்ள காலத்தில் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்கிறேன்: எதை உண்பார், எதற்கு அஞ்சுவார், எப்பாட்டைக் கேட்டால் அமைதி கொள்வார், இறுதி நாள்களை எங்கே கழிக்க விரும்புவார். பின்னர் பிறர் முடிவெடுக்க நேர்ந்தாலும், அச்சொற்கள் அவர்பொருட்டுப் பேசும்.

நிறைவாகக் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கவியரங்குகளில் முதியோர் இல்லம் வாராத ஆண்டில்லை. வாயிலில் தாய் அழுவாள், மகனின் மகிழுந்து மறையும், அவை கைதட்டும். அக்கவிதைகளில் தாய்க்கு அழுதல், காத்திருத்தல் என்னும் இரு வினைகளே உள்ளன. புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய முதியவர் கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசுபவர். ஆயினும் அப்பாட்டில் அவர் ஆழ்ந்த மடுவில் பாய்ந்து, அடியிலிருந்து மணலை அள்ளிவந்து காட்டும் சிறுவனாகவும் விளங்குகிறார். அவர் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. ஊன்றிய கோலால் தொடித்தலை விழுத்தண்டினார் என்றே அழைக்கிறோம். அவர் பாய்ந்ததை நாம் அறிவது அவரே சொன்னதால்தான். இல்லங்களில் வாழும் மூத்தோரிடம் சென்று கேளுங்கள். அவர்கள் செய்த வினைகளையும், இன்னும் செய்ய விரும்பும் வினைகளையும் எழுதுங்கள். வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் ஒரு கூட்டமேனும் அத்தகைய இல்லமொன்றில் நடைபெறட்டும். அங்குள்ளோர் அவையினராக மட்டுமன்றிப் பேச்சாளராகவும் அமரட்டும்.