கலை சந்தைக்கு வரலாமா?

(மன்ற மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



நமது மண்டபத்தில் மாணவர் ஓவியங்களை விலைக்கு வைப்பதென்று செயற்குழு தீர்மானித்தபோது, "சித்திரம் என்ன, சந்தையில் விற்கும் மீனா?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே.

ஐயா, உங்கள் வீட்டுச் சுவாமி அறையை நினைத்துப் பாருங்கள். அங்கே இலக்குமியும் சரசுவதியும் எப்படி வந்தார்கள்? அரண்மனைகளுக்கு வரைந்து கொடுத்த இரவிவர்மா, 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் படங்களை அச்சிட்டு விற்றார். அதன் பின்னரே எளியவர் வீட்டுச் சுவரிலும் அவை ஏறின. விலை குறைந்ததனால் நாம் ஏற்றும் விளக்குக் குறைந்துவிட்டதா?

சென்னைக் கலைக் கல்லூரி 1850இல் தோன்றியது. 1957 முதல் அதன் முதல்வராயிருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். படித்து வெளியேறும் கெட்டிக்கார ஓவியர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவது அவரை வருத்தியது. 1960களின் முற்பகுதியில் அவரும் மாணவர்களும் கூடிக் கைவினைச் சங்கம் அமைத்தார்கள். மெழுகு பூசிச் சாயந்தோய்த்த பத்திக் துணிகளைச் செய்து விற்றார்கள். அந்தப் பணம் சேர்ந்தே 1966இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் எழுந்தது. கைவேலை விற்ற காசு அவர்களுக்குப் படம் வரையும் நேரத்தை வாங்கிக் கொடுத்தது என்பேன்.

பெங்களூரிலும் சித்திரகலா பரிசத்து என்னும் கலைக் கழகம் ஆண்டுதோறும் சனவரியில் தன் வாசல் வீதியையே ஓவியச் சந்தையாக்குகிறது. கொழும்பிலும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 1993 முதல் 'கலாபொல' நடக்கிறது. பொல என்றால் சிங்களத்திலே சந்தைதான்! அங்கே வரைந்தவனே படத்தின் அருகில் நின்று பதில் சொல்கிறான்.

நமக்கும் வாய்ப்பில்லாமல் இல்லை. கல்லடியிலே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நம் பிள்ளைகள் ஓவியமும் சிற்பமும் பயில்கிறார்கள். பயின்றபின் என்ன? எனக்குத் தெரிந்த மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், வாவியில் விடியற்காலைத் தோணியை வரைந்தால் ஈரம் கையில் ஒட்டும். இப்போது கத்தாரில் கூலி வேலை செய்கிறான். அவனுடைய படங்கள் தாயின் பெட்டியில் சுருண்டு கிடக்கின்றன. அவற்றில் ஒன்றையேனும் நாம் வாங்கினோமா? நானும் வாங்கவில்லை. நன்றாயிருக்கிறது என்று தட்டிக்கொடுத்ததோடு சரி.

ஆகவே, கண்காட்சியில் சிறிய படங்களும் கட்டாயம் இருக்கட்டும். ஓர் ஆசிரியர் தம் சம்பளத்தில் யோசியாமல் வாங்கக்கூடிய விலையில் இருக்கட்டும். விலையை வரைந்தவரே குறிக்கட்டும். அம்மாமார் மன்னிக்க வேண்டும்: இறாலுக்குப் பேரம் பேசுவதுபோல இங்கே பேசலாகாது.

விலைச்சீட்டு எழுத அழகான கையெழுத்துள்ள நான்கு இளைஞர்கள் தேவை. கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன், பெயர் தாருங்கள். அந்தத் தாயிடம் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்க நாளைக் காலை நானே போகிறேன்.