கடலோரத்தில் ஒரு நாள்



நம் நாட்டின் மேற்குக் கரை மாநிலங்களில் உள்ள தோட்டங்கள் பலவற்றிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் பயணம் செய்தால் கடலைப் பார்த்துவிடலாம். அப்படியிருந்தும், ஆண்டுக்கு ஒரு தடவைகூடக் கடற்கரைக்குப் போகாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஏன் என்று கேட்டால் இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று, “அதற்கெல்லாம் காசும் நேரமும் எங்கே?” என்பது. மற்றொன்று, “பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகப் பயமாக இருக்கிறது” என்பது. முதல் காரணத்துக்கு விடை எளிது, பிறகு சொல்கிறேன். இரண்டாவதைத்தான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இந்தப் பயம் நமக்கு வழிவழியாக வந்தது. நம் முன்னோரில் பெரும்பாலோர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறி, வங்கக் கடலைக் கடந்து வந்தவர்கள். கப்பலின் மேல்தளத்திலும் அடித்தளத்திலும் பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்து வந்தார்கள். 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலின் பெயரைத் தெரியாத பழைய தோட்டக் குடும்பம் இராது. கரை தெரிந்த பிறகும் பலரை நேராகத் தோட்டத்துக்கு அனுப்பவில்லை. பினாங்கை அடுத்த ஜெரஜா தீவு போன்ற இடங்களில் நோய்த் தடுப்பு முகாமில் வைத்திருந்துதான் அனுப்பினார்கள்.

எங்கள் பாட்டி தம் எட்டாவது வயதில், 1937-இல் அப்படி வந்தவர். அடுத்த ஆண்டே, உதவித்தொகையில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. நாங்கள் கடலுக்குப் புறப்படும்போதெல்லாம் பாட்டி சொல்வார்: “ஏன் சாமி, அந்தத் தண்ணிய காசு குடுத்துப் போயி வேற பாக்கணுமா? நான் பாத்தது ஏழு தலைமுறைக்குப் போதும்.” நாங்கள் சிரிப்போம். ஆனால் அவர் சிரித்ததில்லை. கடல் அவருக்கு ஊரையும் உறவையும் பிரித்த தண்ணீர். இரவில் கப்பல் ஆடும்போது தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

எனக்கோ சிறு வயது முதலே கடல் என்றால் உயிர். முதன்முதலில் பார்த்தபோது அதன் அகலம் என்னைப் பிடித்துக்கொண்டது. பால்மர நிரையும் செம்பனை நிரையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தடுப்பே இல்லாத அந்த வெளி பெரிய விடுதலையாக இருந்தது. பாட்டியின் பயமும் என் ஆசையும் ஒரே வீட்டில்தான் இருந்தன. இவ்விரண்டுக்கும் நடுவில் வேண்டியது அறிவு என்பதைப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போகத் தொடங்கிய பிறகுதான் உணர்ந்தேன்.

ஒரு முறை போர்ட்டிக்சனில் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: “சார், காலையில இங்க இருந்த தண்ணி இப்ப எங்க போச்சு?” நல்ல கேள்வி. கடலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. நிலவின் ஈர்ப்பாலும், ஓரளவு சூரியனின் ஈர்ப்பாலும் கடல்நீர் உயர்கிறது, தாழ்கிறது. மலாய்க்காரர்கள் இதை ஆயேர் பாசாங், ஆயேர் சூருட் என்பார்கள்; நாம் ஏற்றம், வற்றம் என்போம். மலாக்கா நீரிணையில் நாளுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் வரும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம். அன்றியும், நாளுக்கு நாள் இது ஐம்பது நிமிடம் பிந்தும். இன்று காலை 9 மணிக்கு ஏற்றமென்றால், நாளைக் காலை 9.50 வாக்கில் ஏற்றம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் மிகுதி, வற்றமும் மிகுதி. மாசி மகத்தன்று கடலோரக் கோயில்களுக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்; அது பௌர்ணமியை ஒட்டி வரும் திருநாள். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே கடலைப் பற்றிப் பாதி சொல்லிவிடுகிறது. மீதியை, அன்றைய ஏற்ற நேரத்தை, அங்குள்ள மீனவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

கடற்கரையைக் கண்ணால் பார்த்து மட்டும் எடைபோடக் கூடாது. சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் வற்றத்தின்போது நீர் வெகுதூரம் உள்வாங்கும். 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் பிரிட்டிஷ் படைகள் அங்கே கரையிறங்கியபோது, கெட்டித் தரையென்று நம்பி இறக்கிய வண்டிகள் பல சேற்றில் புதைந்துபோயின. திட்டம் போட்டு வந்த படைக்கே அந்த நிலை என்றால், விளையாடிக்கொண்டே தூரம் போய்விடும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா? நீர் வற்றிய சேற்று வெளியில் தூரம் நடக்காதீர்கள். ஏற்றம் திரும்புமுன் கரைக்கு வந்துவிடுங்கள்.

இன்னும் சில செய்திகள். குழந்தை நீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். கரையில் உட்கார்ந்து பார்ப்பது காவல் ஆகாது. நீரோட்டம் உங்களைக் கடலுக்குள் இழுத்தால் அதை எதிர்த்து நீந்திச் சோர்ந்துபோகாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த இடத்தில் கரையேறுங்கள். இடி கேட்டால் உடனே நீரைவிட்டு வெளியேறுங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவக்காற்றுக் காலத்தில் கடலில் இறங்காமல் இருப்பது நல்லது.

வற்றம் மெல்ல, மணிக்கணக்கில் நிகழ்வது என்று சொன்னேன். கடல் சில நிமிடங்களில் திடீரென்று உள்வாங்கினால் அது வற்றமன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் நம் நாட்டிலும் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில் இறந்தவர்கள். அப்படிப்பட்ட அறிகுறி தெரிந்தால் மீன் பொறுக்க நிற்காமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

நேயர்களே, எச்சரிக்கையையே அடுக்கிக்கொண்டு போகிறேன் என்று எண்ண வேண்டாம். கடற்கரையில் இன்பம் கொட்டிக் கிடக்கிறது. பிற்பகலில் அங்கே ஏன் குளிர்ந்த காற்று வீசுகிறது? உச்சி வெயிலில் லயத்துத் தகரக் கூரையைத் தொட்டால் சுடும். பக்கத்துத் தொட்டியில் உள்ள தண்ணீரோ குளிர்ச்சியாகவே இருக்கும். நிலம் விரைவில் சூடாகும். நீர் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இரவில் நிலம் முதலில் குளிர்வதால், அதிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அந்த நேரத்தில் காற்றடைத்த மிதவையில் குழந்தையை விட்டால், மிதவை கரையைவிட்டு விலகிப் போகும்.

போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் என்னும் முனை இருக்கிறது. அங்கே 1863-இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் இருக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போனால் வானத்தைப் பாருங்கள். சுமத்திராவில் குளிர்காலத்தைக் கழித்த தேன் பருந்துகள் கூட்டங்கூட்டமாக நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும். வெப்பக் காற்றில் ஏறிச் சிறகடிக்காமல் மிதந்து செல்லும் பறவைகள் அவை. கடலின் மேல் அத்தகைய காற்று போதிய அளவு எழுவதில்லை. ஆகவே நீரிணை குறுகலாக உள்ள இடம் பார்த்துக் கடக்கின்றன. முனையை அடைந்ததும் களைப்போடு தாழப் பறந்து வரும் அவற்றைக் கண்டால், மூட்டையோடு கரையிறங்கிய நம் முன்னோரின் நினைவு எனக்கு வருவதுண்டு.

இனி, காசு. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் ஏறத்தாழ 32 கிலோமீட்டர். விடுதி வேண்டாம், கடைச் சாப்பாடும் வேண்டாம். வீட்டில் பசியாறிவிட்டுப் புறப்படுங்கள். புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, ஒரு பாய், மாற்றுத் துணி, நிறைய குடிநீர் போதும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்தால் செலவு பங்காகிவிடும். வாரம் முழுதும் வெயிலில் குலை வெட்டிய உடம்புக்கு ஒரு நாள் காற்றும் நிழலும் ஆடம்பரமல்ல. அப்பாவும் அம்மாவும் அவசரமில்லாமல் உட்கார்ந்து பேசுவதைப் பிள்ளைகள் பார்க்கும் நாள் அது.

ஒரு நாள் பாட்டியை வற்புறுத்தி அழைத்துப் போனோம். வெகுநேரம் மரத்தடியிலேயே இருந்தார். மாலையில் தாமாக எழுந்து வந்து, கணுக்கால் நனையும்வரை நின்றார். “அந்தப் பக்கம்தானே நம்ம ஊரு?” என்று கேட்டார். நேர் எதிரே இருப்பது சுமத்திரா. ஆனாலும் வடமேற்கே கையைக் காட்டி, “அந்தத் திசைதான் பாட்டி” என்றேன். அன்றுதான் கப்பலில் வந்த கதையை முழுதாகச் சொன்னார். அதுவரை எங்களுக்குத் தெரியாத அவருடைய தங்கையின் பெயரையும் சொன்னார்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு நாட்காட்டியைப் பார்த்து ஒரு நாளைக் குறித்து வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வண்டியில் ஓரிடம் ஒதுக்குங்கள்.