பனி உருகுவது துருவத்தில், பாடுபடுவது நாம்!

(சீகிரியாவில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

  

கடல் கண்ணுக்கு எட்டாத சீகிரியாவில் நின்று துருவத்துப் பனியைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்வி. இந்தக் குன்றின் வரலாற்றிலிருந்தே விடையைத் தொடங்குவோம்.

கி. பி. 5ஆம் நூற்றாண்டில் கலாவாவியைக் கட்டிய மன்னன் தாதுசேனன். அவன் மகன் காசியப்பன் அரசைப் பறித்தான். மறைத்து வைத்த பொருள் எங்கே என்று தந்தையை நெருக்கினான். முதிய மன்னனோ கலாவாவியில் நீராடி, அந்த நீரையே காட்டி, தன் செல்வம் இதுவே என்றான். சூளவம்சம் கூறும் கதை இது. தந்தையைக் கொன்ற மைந்தன் இக்குன்றின்மேல் மாளிகை எழுப்பி அமர்ந்தான். செல்வம் எது என்ற அந்த வழக்கே இன்று உலக அரங்கில் நடைபெறுகிறது.

பனி உருகினால் கடல் எவ்வாறு உயரும் என்று கேட்பவர் உண்டு. குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தால் நீர்மட்டம் உயர்வதில்லை. வடதுருவக் கடலில் மிதக்கும் பனியும் அத்தகையதே. ஆனால் கிரீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் பனி கிடப்பது நிலத்தின்மேல். அது உருகிக் கடலிற் சேர்கிறது. சூடேறிய கடல்நீரும் விரிகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது.

மறுப்பவர் கூற்றையும் நேர்மையுடன் கேட்போம். காலநிலை முன்னரும் மாறியது என்பர். உண்மை. ஆயினும் அந்தாட்டிக்காப் பனியைத் துளைத்து எடுத்த பழங்காற்றுக் குமிழிகள் 8 இலட்சம் ஆண்டுகளின் கணக்கைத் தருகின்றன. அக்காலம் முழுவதும் கரியமிலவாயு பத்து இலட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதாகத் தெரியவில்லை. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. சூரியனே காரணம் என்பர். அவ்வாறாயின் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேறவேண்டும். கீழடுக்குச் சூடேற, மேலடுக்குக் குளிர்வதையே அளவீடுகள் காட்டுகின்றன.

அறிஞரும் தவறினர் என்பர். ஆம். இமயப் பனியாறுகள் 2035இல் மறைந்துவிடலாம் என 2007ஆம் ஆண்டு அறிக்கையில் ஐ.நா. காலநிலைக் குழு எழுதியது பிழை; 2010இல் குழுவே அதனை ஒப்புக்கொண்டது. நம் நாட்டவரான மொகான் முனசிங்க துணைத்தலைவராக இருந்த குழு அது. ஒரு வரியின் பிழைக்காக நூறாண்டு அளவீடுகளைத் தள்ளிவிட முடியுமா? கணக்கில் ஒரு பிழை கண்டால் கணக்கைத் திருத்துவோம். கடன் இல்லையென்று சாதிப்பதில்லை.

இனி நம் வயலுக்கு வருவோம். பனியை உருக்கும் வெப்பமே நம் மழையையும் நிலைகுலைக்கிறது. காற்று 1 பாகை சூடேறினால் அது ஏறத்தாழ 7 வீதம் அதிகமான நீராவியைத் தாங்கும். ஆகவே கொட்டும்போது மழை கடுமையாகக் கொட்டும். 2016-17 பெரும்போகத்தில் மழை பொய்த்தது, நெல் கருகியது. அதே 2017 மே மாதத்தில் தென்மேற்கே வெள்ளமும் மண்சரிவும் 200க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டன. 2025 நவம்பரில் டித்வா புயல் 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. மலையகத்தில் மண்சரிவுகள் குடும்பங்களைப் புதைத்தன. ஒவ்வொரு புயலையும் இதன் கணக்கிலேயே எழுதிவிடலாகாது. ஆயினும் பெருமழையின் வலிமையை வெப்பம் கூட்டுகிறது.

வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் உயிர். மேலே நாம் மிகையாக இறைத்து, கீழே கடலும் உயர்ந்தால், கிணறு உவராகும். உவரான கிணற்றுக்கு எந்தச் சட்டமும் மருந்தன்று.

இக்கேட்டினை விளைத்தவர் யார்? ஆண்டுக்கு ஆள் ஒருவருக்கு இலங்கை வெளிவிடும் கரியமிலவாயு ஏறத்தாழ 1 தொன். ஐக்கிய அமெரிக்காவிலோ 13 தொன்னுக்கு மேல். ஆகவே 2022இல் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட இழப்பு நிதியை நாம் பிச்சையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம்.

பிறரை மட்டும் கேட்டால் போதாது. நம் அரசையும் கேட்கிறோம். குளங்களின் வண்டலைப் பெரும்போகத்துக்கு முன் அகற்றுக! வெள்ள எச்சரிக்கை சிங்களத்தில் வெளிவரும் அதே நாழிகையில் தமிழிலும் வெளிவருக! 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. அது உயிர் சம்பந்தப்பட்ட வழக்கு. நம்மையும் கேட்போம்: கிணற்றை அளவோடு இறைப்போம், குளக்கட்டையும் வாய்க்காலையும் காப்போம்.

இறுதியாக ஒன்று. உயரத்தில் இருந்த காசியப்பன் போருக்குக் கீழே இறங்க வேண்டியவனானான். சதுப்பைக் கண்டு அவன் யானை திரும்பியது. அரசன் பின்வாங்குகிறான் என்றெண்ணிப் படை சிதறியது. அவன் தன் கையாலேயே மாண்டான். செல்வ நாடுகள் இன்று ஏறி அமர்ந்திருக்கும் குன்றும் அத்தகையதே. நீரை மதியாதவனுக்கு எந்த உயரமும் காவலன்று. தாதுசேனன் காட்டிய செல்வத்தைக் காப்போம், வாரீர்!