வர்த்தக வக்கீல்களும் அவர்தம் முன்தொழிலும்

(தருமபுரியில் கூடிய நம் சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி நமது காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டனர். சட்டமோ கடல் போன்றது. எனக்கு அளிக்கப்பட்ட நேரமோ சிறிது. ஆகவே ஒரு சிறு துறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வியாபார சம்பந்தமான காரியங்களை நடத்தும் வக்கீல்கள் அத்தொழிலுக்கு வருமுன் எத்தொழில் பயின்றனர் என்பதும், அப்பயிற்சி எவ்வாறு பயன்படுகின்றது என்பதுமே அது. இது வக்கீல்களின் சொந்த விஷயம், நமக்கென்ன என்று எண்ணவேண்டா. நம்மவரில் உழுதுண்பாரும் உளர். பட்டுக்கூடு, புளி, மரவள்ளி, தக்காளி முதலியவற்றைக் கொண்டு விற்பாரும் உளர். இவ்விருவரும் என்றேனும் ஒருநாள் வக்கீலின் வாயிலில் நிற்பவரே. நம் பிள்ளைகளிற் சிலர் அவ்வாயிலின் உள்ளே அமரவும் வேண்டும். இவ்விரண்டு காரணத்தாலும் இவ்விஷயம் நம்முடையதே.

முற்காலத்தில் சென்னை ஹைகோர்ட்டில் பாரிஸ்டர், அட்டர்னி, வக்கீல் என மூவகையினர் இருந்தனர். கட்சிக்காரரைக் கண்டு பேசிப் பத்திரங்களைச் சித்தஞ்செய்து, வழக்குக்கு வேண்டிய ஆதாரங்களைத் திரட்டிக் கொடுப்பவர் அட்டர்னி. அவற்றைக் கொண்டு மன்றத்தில் வாதிடுபவர் பாரிஸ்டர். பெரிய வர்த்தகசாலைகளின் காரியங்கள் கிங் அண்டு பார்ட்ரிட்ஜ் போன்ற அட்டர்னி ஸ்தாபனங்களின் கையில் இருந்தன. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் எல்லோரையும் ஒரே வகுப்பில் சேர்க்கத் தொடங்கிற்று. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அட்டர்னி என்னும் பெயரும் நீங்கிற்று. பெயர் நீங்கினும் அவ்வேலை நீங்கவில்லை. இன்று சென்னை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களில் பல வக்கீல்கள் ஒன்றுகூடி நடத்தும் ஸ்தாபனங்கள் அவ்வேலையைச் செய்து வருகின்றன.

இத்தொழிலில் சிறந்தோர் சிலரின் பூர்வ சரித்திரத்தை நோக்குவோம். ஹைகோர்ட்டு நீதிபதியாக விளங்கிய வி. பாஷ்யம் ஐயங்கார், வக்கீலாகுமுன் பதிவு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளை சிலகாலம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து, பின்னரே சட்டம் படித்து, 1895-ஆம் ஆண்டு முதல் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். சேலம் சி. விஜயராகவாச்சாரியார் முதலில் கலாசாலை ஆசிரியர். ஆங்கிலமும் கணிதமும் கற்பித்துக்கொண்டே சட்டப் பரீட்சையில் தேறியவர். வருமான வரிச் சட்டத்தில் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற நானி பால்கிவாலா ஆங்கில இலக்கியத்தில் எம். ஏ. பட்டம் பெற்றவர். இவர்களுள் ஒருவரேனும் வேறு பயிற்சியின்றிச் சட்டத்தை மட்டும் கற்றவர் அல்லர்.

இவர்களில் இருவர் ஒரே வியாபாரத்தில் சம்பந்தப்பட்டதையும் கவனிக்க வேண்டும். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சுதேசிக் கப்பற் கம்பெனி ரிஜிஸ்தர் செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்குகள் 40,000, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் காரியதரிசி. சிதம்பரம் பிள்ளை உதவிக் காரியதரிசி. சட்ட ஆலோசகருள் ஒருவர், தருமபுரியும் அடங்கியிருந்த அக்காலச் சேலம் ஜில்லாவின் விஜயராகவாச்சாரியார். குலமும் மதமும் வேறுபட்ட இவர்கள் ஏன் ஒன்றுகூடினர்? ஒவ்வொருவரிடமும் கம்பெனிக்கு வேண்டிய ஒரு திறமை இருந்தமையாலே. பிற்காலத்தில் அரசாங்கத்தின் அடக்குமுறையாலும் வெள்ளையர் கம்பெனியின் போட்டியாலும் அது அழிந்தது. ஆயினும் அது அமைந்த முறை நமக்குப் பாடமாகும்.

இக்காலத்து வியாபாரத்தை நோக்கினால் இப்பாடம் இன்னும் தெளிவாகும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், 2016-ஆம் ஆண்டு நொடிப்புநிலைச் சட்டம், 2017-இல் வந்த சரக்கு-சேவை வரி ஆகியவற்றைக் கையாளக் கணக்குப் புஸ்தகத்தைப் படிக்கத் தெரியவேண்டும். புதிதாகக் கண்டுபிடித்த இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றுத்தரும் ஏஜெண்டாகப் பதிவு செய்துகொள்வதற்குப் பொதுவாக விஞ்ஞானம் அல்லது பொறியியலில் பட்டமும், அதற்கென நடத்தும் பரீட்சையில் தேர்ச்சியும் வேண்டும். ஆனால் வக்கீல் ஸ்தாபனம், வக்கீல் அல்லாத கணக்காயரையோ எஞ்சினியரையோ பங்காளியாகச் சேர்த்துத் தன் ஊதியத்தைப் பகிர்ந்துகொள்ளலாகாது என்பது வக்கீல் மன்றத்தின் விதி. ஒருவரே ஏககாலத்தில் வக்கீலாகவும் கணக்காயராகவும் தொழில் நடத்தலும் ஆகாது. எனவே கணக்கும் விஞ்ஞானமும் அறிந்தோர் சிலர் தம் முன்தொழிலை விட்டு வக்கீல்களாகவே வந்து சேரவேண்டியதாகின்றது. நல்ல ஸ்தாபனத்தில் பல்வேறு தொழிலிலிருந்து வந்தோர் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதனால் நமக்கு வரும் நன்மை தீமைகளை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். மாமனும் மைத்துனனும் கூட்டாகப் புளி மண்டி வைத்தனர் என்று கொள்வோம். உறவினரிடையே பத்திரம் எதற்கு, ரிஜிஸ்தர் எதற்கு என்று இருந்துவிட்டனர். வெளியூர் வியாபாரி ஒருவன் கடனாகச் சரக்கெடுத்து 8 லட்சம் ரூபாய் நிறுத்திவிட்டான். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, ரிஜிஸ்தர் செய்யப்படாத கூட்டு வியாபாரம் ஒப்பந்தத்தின்பேரில் வெளியார்மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி தடுக்கின்றது. வழக்குத் தொடுத்தபின் ஓடிச்சென்று ரிஜிஸ்தர் செய்தாலும் அவ்வழக்கு நிமிராது. முறையாக ரிஜிஸ்தர் செய்து, மீண்டும் புதிதாகத் தொடுக்கவேண்டும். அதற்குள் 3 வருஷக் கெடு கழிந்துவிட்டால் பணம் போனதே. பதிவு இலாகாவிலோ வரிக் கச்சேரியிலோ பழகிய வக்கீலாயின் முதல் நாளே, "உங்கள் மண்டி ரிஜிஸ்தர் ஆயிற்றா?" என்று கேட்பார். வாதத்திறமை ஒன்றே உடையவர் வழக்கு எழுதத் தொடங்கிவிடுவார். வேறுபாடு அந்த ஒரு கேள்வியில் இருக்கின்றது.

காசோலை விஷயமும் அத்தகையதே. பணமின்றிக் காசோலை திரும்பியதாகப் பாங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீசு அனுப்பவேண்டும். நோட்டீசு பெற்ற 15 நாளுக்குள் அவன் பணம் செலுத்தாவிடின், அதன்பின் ஒரு மாதத்திற்குள் குற்றவழக்குத் தொடுக்கவேண்டும். நாளை எண்ணிச் செய்பவனுக்குச் சட்டம் துணை நிற்கும்; திருவிழா கழியட்டும், அறுவடை கழியட்டும் என்பவனுக்கு அது துணை நில்லாது.

அப்படியாயின் வக்கீலை எவ்வாறு தெரிந்துகொள்வது? வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளுதல் விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் இணையத்தில் தம் பெயர், முகவரி, கல்வித் தகுதி, பதிவெண், பயிலும் சட்டத்துறை முதலியவற்றை மட்டும் வெளியிடலாம். ஆகவே நாமே நேரிற் சென்று மரியாதையுடன் கேட்டறிய வேண்டும்: "ஐயா, தாங்கள் சட்டத்திற்கு முன் எது படித்தீர்கள்? எங்கே வேலை பார்த்தீர்கள்? இத்தகைய பத்திரங்கள் எழுதிய பழக்கம் உண்டா?" நல்ல வக்கீல் இக்கேள்விகளால் வருந்தமாட்டார், மகிழ்வார்.

இவ்விடத்தில் உங்களுக்குக் கசப்பாகத் தோன்றும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம்மவர் என்ற ஒரே காரணத்தால் ஒரு வக்கீலிடம் எல்லாக் காரியங்களையும் ஒப்புவிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நம்மவர்மேல் அன்பு வேண்டியதே. ஆனால் கண்நோய்க்குப் பல் வைத்தியரிடம் உறவு பாராட்டிச் செல்வாருண்டோ? கிரிமினல் வழக்கில் வல்லவரான நம் உறவினரிடம் கம்பெனிப் பத்திரத்தைக் கொடுத்தல் அவருக்கும் துன்பம், நமக்கும் துன்பம். உறவினரிடம் ஆலோசனை கேளுங்கள்; வேலையை அதனை அறிந்தவரிடம் கொடுங்கள். அறிந்தவர் நம்மவராகவும் இருத்தல் வேண்டுமாயின், அதற்கு வழி நம் பிள்ளைகளை அவ்வாறு பயிற்றுவதே.

அதற்கு இது நல்ல காலம். 1891-இல் சென்னையில் சட்டக் கல்லூரி ஏற்பட்டபின் நெடுங்காலம் நம் ஜில்லாவார் சட்டம் படிக்க வெளியூர் செல்லவேண்டியிருந்தது. 2017-இல் தருமபுரியிலேயே அரசினர் சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டது. பி. காம். படித்த பிள்ளையும், ரசாயனமோ பொறியியலோ படித்த பிள்ளையும் பட்டத்திற்குப்பின் 3 வருஷம் சட்டம் பயிலலாம். "எஞ்சினியரிங் படித்தவனுக்குச் சட்டம் எதற்கு? பணம் வீணாயிற்றே!" என்று தாய்தந்தையர் வருந்தவேண்டா, முன்படிப்பே அவனுக்குப் பின்னர் மூலதனமாகும். பெண்மக்களையும் மறவாதீர். பெண் என்னும் காரணத்தால் வக்கீல் தொழிலைத் தடுத்தலாகாது என 1923-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வீட்டுக் கணக்கையும் கடைக் கணக்கையும் ஒருங்கே பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு வர்த்தகச் சட்டம் அந்நியமானதன்று.

ஆகவே சங்கத்தார்க்கு என் விண்ணப்பம் இரண்டு. வருஷந்தோறும் அளிக்கும் கல்வி உதவித்தொகையில் ஒரு பகுதியை, வேறொரு பட்டம் பெற்றுச் சட்டம் பயில்வோர்க்கென ஒதுக்குதல் ஒன்று. கூட்டு வியாபாரம் செய்யும் நம் குடும்பங்கள் தத்தம் வியாபாரத்தை இவ்வருஷ முடிவுக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ரிஜிஸ்தர் செய்துகொள்ளும்படி இக்கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுதல் மற்றொன்று. முன்னதன் பயன் 10 வருஷத்திற்குப்பின் தெரியும். பின்னதன் பயன் அடுத்த அறுவடைக் கொள்முதலிலேயே தெரியும்.